ஒத்த வரிகள் மறைக்கப்பட்டுள்ளன

உலகத்தில் இதுவரை நடந்த அத்தனை சண்டைகளுக்கும் மூலகாரணம், மனிதன் இரண்டு விஷயங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது கையில் பேனாவையும் வைத்திருந்ததுதான். இந்த உண்மையைக் கண்டறிந்து, பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒப்பிடுதலை ஒரு தவமாக உயர்த்திய பெருமை எங்கள் அலுவலகத்துக்கே உரியது. மற்றவர்கள் கோட்டை கட்டினார்கள், கப்பல் விட்டார்கள். நாங்கள் இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து, இரண்டையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அலுவலகத்தில் நான் கூட்டக் குறிப்பாளன். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவதும், சொன்னதில் எதை எழுதக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதும் என் வேலை. குறிப்புகளை எல்லாம் ஓய்வுபெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டதால் இதை நினைவிலிருந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதற்கு இரண்டாவது பிரதி கிடையாது.

அலுவலகத்தின் பெயர் பொது அறிவிப்புப் பலகை வாரியம். 'படியில் கவனம்', 'இங்கே சாயாதீர்', 'வரிசையில் நிற்கவும்' என்று எந்தச் சுவரில் எந்தப் பலகை உங்களை அதட்டினாலும் அந்த அதட்டல் எங்களிடமிருந்து வந்ததுதான். வாரியத்தில் இரண்டு பிரிவுகள். வாசகத்தை எழுதுவது சொல் பிரிவு. அதைப் பலகையில் ஏற்றுவது பலகைப் பிரிவு. ஒரே மாடியில், ஒரு நடைபாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் காலத்திலோ ஒரு மின்விசிறி யாருக்கு என்று வந்த மனக்கசப்பில், ஒவ்வொரு வாசகத்துக்கும் இரு பிரிவும் தனித்தனியாகப் பிரதி வைத்துக்கொள்வது என்று ஆனது. மின்விசிறி பழுதாகிப் போய்விட்டது. பிரதிகள் நிலைத்தன.

நடைபாதைச் சுவரில் இன்னொரு மரபு தொங்கியது. பணியில் இருக்கும்போதே காலமாகும் ஊழியருக்கு வாரியம் ஒரு நினைவுப் பலகை வைக்கும். வெள்ளை எனாமல், கறுப்பு எழுத்து. என் மனைவிக்கும் அங்கே ஒரு பலகை உண்டு. அதில் அவளைப் பற்றி ஒரு வரியாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஒரே ஒரு வரி. அந்தப் பேராசையை வாரியம் எவ்வளவு பொறுமையோடு எதிர்கொண்டது என்பதே இந்த வரலாறு.

என் மனைவி சொல் பிரிவில் சரிபார்ப்பாளர். அலுவலகத்தில் எல்லோரும் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. அவளிடம் ஒரு குறை இருந்தது. எதைப் பார்த்தாலும் படித்துவிடுவாள். படித்ததைப் புரிந்துகொண்டும் விடுவாள். சிரித்தால் அடுத்த அறையில் இருப்பவர்கள் கதவைத் திறந்து என்னவென்று பார்ப்பார்கள். இத்தகைய ஒருத்தியை வாரியம் இத்தனை வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததே அதன் பெருந்தன்மைக்குச் சான்று.

அந்தக் காலத்தில் இரண்டு பிரதிகளை ஒப்பிட வேண்டுமென்றால் ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். பிறகு ஒப்பீட்டு மென்பொருள் வந்தது. கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். அவரை எல்லோரும் மென்பொருள் தம்பி என்றோம். முதல் நாள் அவர் திரையைக் காட்டி விளக்கினார்.

"இடது பக்கம் சொல் பிரிவோட பிரதி. வலது பக்கம் பலகைப் பிரிவோடது. எங்க வித்தியாசம் இருக்கோ அந்த வரி சிவப்பாயிடும்."

"ரெண்டு பக்கமும் எதிரெதிரா உக்காந்துகிட்டு ஒருத்தர்கிட்ட ஒருத்தர் குத்தம் கண்டுபிடிக்கறது. சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி" என்றாள் என் மனைவி.

அன்றிலிருந்து அதன் பெயர் 'சம்பந்தி'. ஆண்டறிக்கையில்கூட அப்படித்தான் அச்சானது.

"வித்தியாசம் இல்லாத வரியை என்ன பண்ணும்?" என்று அவள் கேட்டாள்.

"மடிச்சு உள்ள வெச்சிடும்க்கா. 'ஒத்த வரிகள் மறைக்கப்பட்டுள்ளன'ன்னு சின்னதா ஒரு குறிப்பு மட்டும் வரும்."

"ரெண்டு பக்கமும் ஒரே தப்பு இருந்தா?"

தம்பி சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே தப்பை எப்படிக்கா பண்ணுவாங்க?"

"ஏன் பண்ண மாட்டோம்? நாங்க எல்லாரும் ஒருத்தரைப் பாத்துத்தானே ஒருத்தர் எழுதறோம்?"

இந்தக் கேள்வியை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. அது கூட்டம் அல்ல, பயிற்சி வகுப்பு.

ஆரம்பத்தில் சம்பந்தியில் திருத்தவும் முடிந்தது. பிழையைப் பார்த்த இடத்திலேயே தட்டிச் சரிசெய்யலாம். என் மனைவி தாராளமாகச் சரிசெய்தாள். இப்படி ஓர் அராஜகம் நடந்துகொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும், பலகைப் பிரிவுத் தலைவருக்கு மட்டும் தூக்கம் வராமல் இருந்திருந்தால்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒப்பீட்டுப் பணியில் ஆழ்ந்தார். ஆழம் அதிகமாகி, கன்னம் விசைப்பலகையில் பதிந்தது. 'புல்தரையில் நடக்காதீர்' என்ற வாசகத்துக்கு அடியில் 'கககககககககக' என்று ஒரு முழு வரி சேர்ந்தது. எழுந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு, சேமித்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனார். நகரத்தின் அத்தனை பூங்காக்களிலும் பலகை ஏறியது.

பொதுமக்கள் அதை மதித்து நடந்தார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். சிலர் அது பறவைகளுக்கான அறிவிப்பு என்று கருதி ஒதுங்கிப் போனார்கள். ஒரு பூங்காவில் நடைப்பயிற்சிக் குழு ஒன்று, அதை மூச்சுப் பயிற்சி என்று நம்பி, காலையில் பலகைக்கு முன் வரிசையாக நின்று ஒப்பித்தது. மூட்டுவலி குறைந்திருப்பதாக வாரியத்துக்கு நன்றிக் கடிதமும் வந்தது. ஆனாலும் விதி விதிதானே. அவசரக் கூட்டம் கூடியது. பொருள்: 'ஒப்பிடும் மென்பொருளில் திருத்தும் வசதி இருக்கலாமா, கூடாதா?'

வாரியத்தின் இயக்குநர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். தப்பு செஞ்சது யாரு?"

எல்லோரும் பலகைப் பிரிவுத் தலைவரைப் பார்த்தார்கள். அவர், "விசைப்பலகை, சார்" என்றார்.

"விசைப்பலகை அங்க எதுக்கு இருந்துச்சு?"

"திருத்தறதுக்கு, சார்."

"அப்போ தப்பு திருத்தத்துலதான் இருக்கு."

இவ்வளவு விரைவாக ஒரு விசாரணை முடிந்து நான் குறிப்பெடுத்ததே இல்லை.

என் மனைவி கையைத் தூக்கினாள். "சார், தூங்கறதைத் தடை பண்ணலாமே?"

"தூக்கம் இயற்கைம்மா. திருத்தம் அப்படி இல்ல."

மென்பொருள் தம்பி இடையில் புகுந்தார். "ரெண்டு வழி இருக்கு, சார். பாக்கறதுக்கு மட்டும்னு மொத்தமா பூட்டிடலாம். இல்லைன்னா, திருத்த விட்டுட்டு, சேமிக்கறதுக்கு முன்னாடி 'நிச்சயமா?'ன்னு ஒரு கேள்வி கேக்க வைக்கலாம்."

"யாரைக் கேக்கும்?"

"திருத்தறவரை."

"அவர்தான் தூங்கிட்டிருக்காரேப்பா!"

தம்பி உட்கார்ந்துவிட்டார். என் மனைவி உட்காரவில்லை. "சார், நாம கண்ணாடி முன்னாடி நின்னுதான் தலை வாரறோம். கண்ணாடியில பாக்க மட்டும்தான் செய்யலாம், சீப்பு வேணும்னா அடுத்த ரூமுக்குப் போய் மனு குடுக்கணும்னு வெச்சா, தலை எந்தக் கோலத்துல இருக்கும்?"

இயக்குநருக்குத் தலையில் முடி கிடையாது. அந்த இடத்தில் 'உறுப்பினர்கள் ஆழ்ந்து யோசித்தனர்' என்று எழுதினேன்.

"அம்மா" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. "பாக்கறது வேற, செய்யறது வேற. பாக்கற கண்ணுக்குக் கை முளைச்சா நிர்வாகம் என்ன ஆகறது?"

தீர்மானம் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறியது. இனி சம்பந்தியில் யாரும் ஓர் எழுத்தும் தட்டக் கூடாது. சிவப்பு வரி வந்தால், இடதா வலதா என்று இரு பிரிவும் பேசி ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஒரு வாரத்துக்குள் உடன்பாடு வரவில்லையென்றால் இடது வரியும் நீங்கும், வலது வரியும் நீங்கும். யாருக்கும் மனவருத்தம் இருக்காது. சிவப்பாகாத வரியை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. இருவர் ஒத்துப்போன இடத்தில் மூன்றாமவர் தலையிடுவது நாகரிகம் அல்ல. எந்தப் பிரிவும் தன் இருக்கையில் உட்கார்ந்து தன் பிரதியைப் புதிதாகத் தட்டி அனுப்பலாம். ஒப்பீட்டு அறையில் மட்டும் கூடாது. அந்த அறையிலிருந்து விசைப்பலகை அகற்றப்பட்டது. அது இருந்த இடத்தில், பலகைப் பிரிவுத் தலைவரின் உடல்நிலையைக் கருதி, மெத்தென்று ஒரு சிறு தலையணை வைக்கப்பட்டது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள். "நீங்க ஏங்க வாயே திறக்கல?"

"நான் குறிப்பு எடுக்கறவன். எனக்கு ஓட்டு கிடையாது."

"வீட்டுலயும் குறிப்புதான் எடுக்கறீங்க. இன்னிக்குக் குழம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நான் உப்பே போடல."

எங்கள் மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அவளுக்கு அம்மாவழி வந்தது, ஆனால் அந்த வயதில் அடக்கிச் சிரிக்கப் பழகியிருந்தாள்.

புதிய விதியின் பலன் உடனே தெரிந்தது. ஒப்பீட்டின்போது செய்யப்படும் திருத்தங்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கியது. 'திருத்தமே தேவைப்படாத நிலையை வாரியம் எட்டியுள்ளது' என்று ஆண்டறிக்கை சொன்னது. வேறு அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். தலையணையை அளந்துகொண்டு போனார்கள்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவி மடித்து வைத்த வரிகளைத் திறந்து படித்தாள். வாரியத்தில் அதைச் செய்த ஒரே ஆள் அவள்தான். பலமாடிக் கட்டடங்களுக்கான அறிவிப்பு. இடது பக்கம்: 'தீ விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தவும்.' வலது பக்கம்: 'தீ விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தவும்.'

அவள் இயக்குநரிடம் ஓடினாள். நான் அப்போது அவர் அறையில் பழைய கூட்டம் ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"எந்த வரி சிவப்பா இருக்கு?" என்று கேட்டார் அவர்.

"எதுவும் சிவப்பா இல்ல, சார். அதுதான் பிரச்னை."

"சிவப்பு இல்லைன்னா பிரச்னை இல்லைன்னு அர்த்தம்மா."

"தீப்பிடிச்சா ஜனங்க லிஃப்ட்டுல போய் ஏறிடுவாங்க, சார்! நடுவுல நின்னுடும்!"

"நின்னா ரெண்டு பிரிவும் சேந்து பொறுப்பேத்துக்கும். அந்த ஒத்துமைதானே நமக்கு வேணும்."

அவள் நேராகச் சொல் பிரிவின் தட்டச்சுக்காரப் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் தட்டும் வேகத்தைப் பார்த்து எல்லோரும் அவளைப் 'புயல்' என்போம். புயல் சொல் பிரிவின் பிரதியைப் புதிதாகத் தட்டி, 'பயன்படுத்தாதீர்' என்று மாற்றி அனுப்பினாள். வரி சிவந்தது. பலகைப் பிரிவுத் தலைவர் கொதித்துப்போய் வந்தார்.

"நேத்து வரைக்கும் உங்க பிரதியிலயும் 'பயன்படுத்தவும்'னுதானே இருந்துச்சு? இன்னிக்கு என்ன திடீர்னு?"

"இன்னிக்குப் படிச்சேன், சார்" என்றாள் என் மனைவி.

படித்ததை அவர் ஒரு காரணமாக ஏற்கவில்லை. ஒரு வாரம் கழிந்தது. விதிப்படி இரண்டு வரியும் நீங்கின. அந்த அறிவிப்பில் இருந்ததே அந்த ஒரு வரிதான். நகரத்தின் லிஃப்ட்டுகளுக்குப் பக்கத்தில் எல்லாம் எழுத்தே இல்லாத வெள்ளைப் பலகைகள் ஏறின.

நான் அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள். "வெறும் பலகையைப் பாத்தா ஜனங்க நின்னு யோசிப்பாங்க இல்ல? யோசிச்சா படியில இறங்கிடுவாங்க. பொய்யை எழுதி மாட்டறதுக்கு ஒன்னும் எழுதாம மாட்டறது எவ்வளவோ மேல்ங்க." பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வருட மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லாமல் போனாள். அந்த நாளைப் பற்றி எழுத, குறிப்பெடுக்கும் பழக்கம் எனக்கு உதவவில்லை.

வாரியம் தன் கடமையை மறக்கவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய அன்றே இயக்குநர் என் தோளில் கைபோட்டு ஒப்பீட்டு அறைக்கு அழைத்துப் போனார்.

"உங்க துக்கத்துல நாங்க எல்லாரும் பங்கெடுக்கறோம். சம்பந்தியும் பங்கெடுக்குது. பாருங்க, மொத்த வாசகத்துலயும் ஒரே ஒரு சிவப்புதான். இவ்வளவு ஒற்றுமை எந்த நினைவுப் பலகைக்கும் வந்ததில்ல."

சிவப்பு வரி இடது பக்கம் இருந்தது: 'அவர் சிரித்தால் அடுத்த அறையில் இருப்பவர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள்.' புயல் தானாகச் சேர்த்த வரி. வலது பக்கத்தில் அதற்கு நேராக ஒன்றும் இல்லை.

"மறைச்சு வெச்ச வரிகளைக் கொஞ்சம் திறந்து காட்டறீங்களா, சார்?"

"ஒத்துப்போன வரியில என்ன பாக்கப் போறீங்க?" என்று கேட்டபடியே திறந்தார்.

'அன்னார் தமது வாகனத்தைப் பெற்ற பிள்ளைபோல் பேணினார். நெடுந்தூரப் பயணங்களில் ஒருமுறையேனும் கண்ணயர்ந்ததில்லை. அடர்ந்த மீசைக்குள் ஒளிந்திருக்கும் அன்னாரின் புன்னகையை மறக்க இயலுமா?'

எனக்கு அந்த வரிகள் மனப்பாடம். நடைபாதையில் கடைசியாகத் தொங்கிய பலகை அது. முந்தைய வருடம் இறந்துபோன ஜீப் டிரைவருடையது. இரு பிரிவும், ஒன்றுக்கொன்று தெரியாமல், 'சுதந்திரமாக' வெளியே வந்து, அதே பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"சார், இது டிரைவரண்ணனைப் பத்தி எழுதினது."

"யாரைப் பத்தியா இருந்தா என்ன? ரெண்டு பிரிவும் தனித்தனியா எழுதி, ஒரே மாதிரி வந்திருக்கு."

"என் மனைவிக்கு மீசை கிடையாது, சார்."

இயக்குநர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க கணவர். பாசத்துல பேசறீங்க. இடது பக்கம் மீசை இருந்துச்சுன்னு சொல்லுது. வலது பக்கமும் இருந்துச்சுன்னு சொல்லுது. நீங்க ஒருத்தர் மட்டும் இல்லைங்கறீங்க."

"அவளுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது!"

"அடக்கமானவங்க. வெளில சொல்லிக்காம இருந்திருப்பாங்க."

"சார், ஒரு நிமிஷம் குடுங்க. நானே மாத்திடறேன்." என் கை தன்னால் மேசைக்குப் போனது. விசைப்பலகை இருந்த இடத்தில் தலையணை இருந்தது. அதில் ஒரு கன்னத்தின் தடம் பதிந்திருந்தது.

"இந்த விதிக்குக் குறிப்பு எழுதினதே நீங்கதான்" என்றார் இயக்குநர், குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லாமல். பிறகு சிவப்பு வரியைக் காட்டி ஆறுதல் சொன்னார். "இதை நினைச்சுக் கவலைப்படாதீங்க. ஒரு வாரத்துல தானாப் போயிடும்."

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன்.

"அம்மாவுக்கு மீசையாப்பா?"

"ரெண்டு பிரிவும் அப்படித்தான் சொல்லுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னேன்."

"பரவால்லையே. உப்பு இல்லைன்னு சொல்லவே உங்களுக்கு வராது." அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "அந்த லிஃப்ட் பலகைக்கு அம்மா என்னப்பா பண்ணாங்க?"

மறுநாள் காலையில் நான் புயலின் மேசைக்கு முன் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் சிவப்பாக்க வேண்டும்; ஒரு வாரம் யாரும் ஒத்துப்போகக் கூடாது; மீசையோடு சேர்ந்து மொத்தமும் போய்விடட்டும்.

"என்ன எழுதினா எல்லாம் சிவக்கும்னு யோசிக்கணும்" என்றேன்.

"யோசிக்க என்ன சார் இருக்கு? அக்காவைப் பத்தி உண்மையை எழுதினாலே சிவந்துடும்."

தட்டினாள். நான் பின்னால் நின்று படித்தேன். 'அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பேருந்தில் ஜன்னல் ஓரத்துக்காகச் சண்டை போடுவார். கூட்டங்களில் கண்ணயர்ந்ததுண்டு, தவறு கூட்டங்களுடையது. மீசை இல்லை. கோபம் வந்தால் மேசையில் இருக்கும் பென்சில்களை எல்லாம் சீவி வைப்பார். மடித்து வைத்திருப்பதைத் திறந்து படிப்பார்.' கடைசியில் அந்தச் சிரிப்பு வரி.

"இதை அப்படியே ஏத்திட மாட்டாங்களா?" என்று கேட்டேன். எனக்கு அந்தத் திரையிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை.

"நீங்க வேணா கும்பிட்டுக்குங்க, சார். நான் அனுப்பறேன்."

சம்பந்தி மேலிருந்து கீழ்வரை சிவந்தது. சமரசக் கூட்டம் கூடியது. குறிப்பெடுக்க என்னையே உட்கார வைத்தார்கள். என் மனைவியின் மீசை விவாதத்துக்கு வந்தது.

"மீசை விஷயத்துல நாங்க விட்டுக்குடுக்க முடியாது, சார்" என்றார் பலகைப் பிரிவுத் தலைவர். "அது எங்க பிரிவோட மரியாதை. இன்னிக்கு மீசையை எடுக்கச் சொல்வாங்க, நாளைக்கு வாகனத்தை எடுக்கச் சொல்வாங்க."

"வாகனத்தையும் எடுக்கத்தான் சொல்றோம்" என்றாள் புயல்.

"பாத்தீங்களா சார்!"

இயக்குநர் அடுத்த வரிக்குப் போனார். "மறைந்த நாளாவது ஒத்துப்போகுதா?"

"இல்ல, சார். சொல் பிரிவு இப்போ ஞாயித்துக்கிழமைன்னு மாத்திப் போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை லீவு. லீவு நாள்ல பணியிலேர்ந்து விலக விதியில இடமில்ல. எங்க பிரதி திங்கக்கிழமைன்னுதான் சொல்லும்."

"நான் பக்கத்துலதான் இருந்தேன், சார்" என்றேன். குறிப்பாளன் கூட்டத்தில் பேசியது அதுவே முதல் முறை.

"எந்தப் பிரிவு சார்பா சொல்றீங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

'குறிப்பாளர் கருத்துத் தெரிவிக்கவில்லை' என்று எழுதினேன்.

பெயர் மட்டும் மிஞ்சும் என்று நினைத்தேன். பெயருக்கு முன்னால் சொல் பிரிவின் புதிய பிரதி அவளுடைய தகப்பனார் பெயரைப் போட்டிருந்தது. பலகைப் பிரிவு என் பெயரைப் போட்டிருந்தது. அந்த வரியும் சிவப்பு. ஒரு வாரம் இரு பிரிவும் உறுதியாக நின்றன. வாரம் முடிந்ததும் இடது வரிகள் நீங்கின, வலது வரிகள் நீங்கின. மீசை போயிற்று, வாகனம் போயிற்று. ஜன்னல் ஓரமும் பென்சில்களும் சிரிப்பும் அதே வேகத்தில் போயின. சம்பந்தி வெள்ளையாக, ஒரு சச்சரவும் இல்லாமல், அமைதியாக நின்றது. மென்பொருள் தம்பி வந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

திறப்பு விழாவுக்கு வாரியமே நடைபாதையில் கூடியது. என் மகளும் வந்திருந்தாள். இயக்குநர் பேசினார். "நண்பர்களே, வாரிய வரலாற்றுல இது ஒரு முக்கியமான நாள். மின்விசிறிப் பிரச்னைக்குப் பிறகு, இரண்டு பிரிவும் முழுமையா, ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லாம ஒத்துப்போன முதல் நினைவுப் பலகை இது." துணியை இழுத்தார்.

வெள்ளை எனாமல். ஓர் எழுத்து இல்லை.

எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். பலகைப் பிரிவுத் தலைவர் நெகிழ்ந்து, "ரொம்பப் பொருத்தமா அமைஞ்சிருக்கு" என்றார். புயல் மூக்கை உறிஞ்சினாள். அப்போது என் மகள் சிரித்துவிட்டாள். அடக்கித்தான் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடைபாதைக் கோடியில் இருந்த அறைக் கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"துக்கம் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி வரும்" என்று இயக்குநர் பெருந்தன்மையோடு விளக்கினார். அதைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

அந்தப் பலகை இன்றும் அங்கே, டிரைவரண்ணன் பலகைக்கு அடுத்ததாகத் தொங்குகிறது. வாரியம் இதுவரை வைத்த பலகைகளிலேயே பிழை இல்லாதது அது ஒன்றுதான். அதைப் பாராட்டாமல் இருக்க என்னால் முடியாது. இரண்டு பிரிவுகள், ஓர் எழுத்தையும் தொடாமல், ஒருவரோடொருவர் ஒத்துப்போய்ச் செய்த வேலை அது. இத்தனை வருடம் தங்கள் நடுவே உட்கார்ந்து தங்கள் தவறுகளைப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எல்லாம், ஒன்று விடாமல், அதில் இருக்கிறது.